கவனக்குறைவு என்று எழுதியவள்

சேரப்பணஞ்சேரி,
திங்கட்கிழமை.

அன்புள்ள பாண்டிச்செல்வி அக்காவுக்கு,

நீங்கள் குடியிருந்த மாடி அறைக்குக் கீழ்வீட்டு ஜாய் எழுதுகிறேன். கையில் தையல் பிரித்தாயிற்றா? போன் செய்தால் உங்கள் அண்ணன் எடுத்து, "அவ உறங்குதா" என்று வைத்துவிடுகிறார். அதனால்தான் கடிதம். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

நேற்று எங்கள் சர்ச் ஹாலில் ஒரு சோவியத் படம் போட்டார்கள். நூறு வருடப் பழசு, பேச்சே கிடையாது. நடுநடுவே எழுத்து வரும். அதைத் தமிழில் உரக்கப் படிப்பது என் வேலை. ஹால் சாவி வைத்திருக்கும் டெனிசன் மாமா, "ஊமைப் படத்துக்கு இன்னாத்துக்குமா மைக்கு?" என்று கிண்டல் செய்தார். பாதியில் அவரே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

படத்தில், நூல் ஆலையில் ஒரு பெண் தூக்கத்தில் கண் சொருக நிற்கிறாள். மூடி இல்லாத சக்கரம் ஓடுகிறது. அவள் முகம், சக்கரம், முகம், சக்கரம். வேகம் கூடிக்கொண்டே போகிறது. கை மாட்டுவதைக் காட்டவேயில்லை. அறுந்த நூல் ஆடுவதை மட்டும் காட்டினார்கள். ஹாலே "அய்யோ" என்றது. மேஸ்திரி வாயசைக்கிறான். "இவள் கவனக்குறைவு" என்று படித்தேன். உடனே மறுபடி அந்த மூடியில்லாத சக்கரம்! அவன் பொய்யை யாரும் வாயால் மறுக்கவில்லை அக்கா, படமே மறுத்தது. கம்பெனியில் உங்கள் லைனில் நிற்கும் சுகப்பிரியா அக்கா எழுந்து, "ஏட்டி, இது நம்ம மூணாம் நம்பர் மிசினுல்லா!" என்று கத்தினார்கள். பனி கொட்டும் ஊரில் அந்தக் காலத்தில் படமெடுத்தவருக்கு ஒரகடத்தில் இருக்கும் உங்கள் கம்பெனி எப்படித் தெரிந்தது?

அதோடு மைக்கைக் கீழே வைத்துவிட்டேன். அதே வார்த்தையை உங்கள் பெயரில் எழுதியவள் நான்தானே! "அவங்க கையில கட்டு கீது, நீ எழுதிக் குடு பாப்பா, உன் கையெழுத்து முத்து முத்தா கீது" என்றார் உங்கள் சூப்பர்வைசர் ரகுபதி. அவர் சொல்லச் சொல்ல, "என் கவனக்குறைவால்" என்று எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடு வேறு போட்டேன். ஒரு பிழைகூட இல்லை என்று பெருமை வேறு. அந்த மூன்றாம் நம்பர் மெஷின் மூடியைக் கழற்றச் சொன்னது யார்? ஷிப்ட் முடிந்தவளை ஓ.டி.க்கு நிற்கவைத்தது யார்? அவர் அதைச் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது, அவர் மேலும் என் மேலும்.

வெள்ளிக்கிழமை ரகுபதி அந்தத் தாளோடு உங்கள் ஊருக்கே வருகிறாராம். அதில் விரல் ரேகை வைத்தால் வேலை திரும்பக் கிடைக்கும் என்பார். வீட்டிலும் வற்புறுத்துவார்கள். வைக்காதீர்கள் அக்கா. நடந்ததைச் சொல்லுங்கள், நான் புதிதாக எழுதுகிறேன். சுகப்பிரியா அக்கா சாட்சிக்கு வருகிறார்கள். நான் எழுதியதை என்னால் வாபஸ் வாங்க முடியாது, உங்களால்தான் முடியும்.

உங்கள் கை சீக்கிரம் ஆற ஜெபிக்கிறேன்.

இப்படிக்கு,
வெள்ளிக்கிழமையை நினைத்துப் பயந்துகொண்டிருக்கும்
ஜாய்