வதனியின் இடது தோளுக்கு மட்டும் வந்த அம்மாள்

என் உயிரான அக்கா,

நீ இருக்கும் இடத்தில் தோல் வைத்தியர் யாராவது இருந்தால் பக்கத்தில் இருத்திக்கொண்டு இதைப் படி. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுன்னாகம் சந்தை வெங்காயம் முழுவதையும் என் ஒருவன் தலையில் கொட்டியிருந்தாலும் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டேன்.

நீ கண்மூடிய நாளிலிருந்து உன் மகள் வதனி எங்களோடுதான் சுகமாக இருக்கிறாள். லீவு கிடைக்கும்போதெல்லாம் அத்தான் கொழும்பிலிருந்து கோச்சியேறி வந்து பார்க்கிறார். அவளின் வாய் அப்படியே உன் வாய். கரைச்சல் வந்தது அவளின் இடது தோளுக்கு. புளியங்கொட்டை அளவில் சிவந்து, பிறகு நீர் கோத்தது. அவள் சொறிந்த சொறியில் கொழும்புத்துறை வள்ளமெல்லாம் ஆடியது.

அதைப் பார்த்த என் பெண்சாதி, உன் மச்சாள், அம்மை நோயென்று கையெடுத்துக் கும்பிட்டாள். “இஞ்சேருங்கோ, அம்மாள் வந்திருக்கிறா. பள்ளிக்கூடத்தை நிப்பாட்டுங்கோ.” பள்ளிக்கூடச் சட்டை கொடிக்குப் போனது. வதனிக்கு உன் பழைய வெள்ளைச் சேலைத் துண்டு. நான் வெட்டிய வெட்டில் வலிகாமத்து வேம்பெல்லாம் மொட்டையாகிப் போனது. ஆனால் அக்கா, மாறிவிட்டது! முழுகவார்த்து, கோயிலில் பொங்கிப் படைத்து, பள்ளிக்கு அனுப்பினோம்.

திரும்ப வந்தது. அதே தோள், அதே இடம். மறுபடி வேப்பிலை, மறுபடி சுகம், மறுபடி பள்ளிக்கூடம், மறுபடி சிவப்பு. கணக்குப் பாடம்தான் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் தீர்ப்பு வழங்கினேன்.

“அம்மாள் கோவமாய் நிக்கிறா, நீங்கள் பகிடி விடுறியள்” என்று பாய்ந்தாள் மச்சாள்.

அன்று பின்னேரம் கிணற்றடியில் வதனி என் சாரத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “மாமா, என்ரை அம்மாவுக்கு என்னிலை கோவமோ?” உன்னை ஏன் இதற்குள் இழுக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

அடுத்த நாள் டாக்குத்தரிடம் கூட்டிப் போனேன்.

“மற்றத் தோளிலை இருக்கோ? முதுகிலை? காய்ச்சல்?”

“ஒண்டுமில்லை ஐயா.”

“அம்மாள் எண்டால் உடம்பு முழுக்கச் சுத்துவா. இப்பிடி ஒரு மூலையிலை குந்தியிருக்க மாட்டா. இதிலை என்னவோ முட்டுது. வீட்டிலை இருக்கேக்கை மாறுதெண்டால், பள்ளிக்கூடத்துக்கு மட்டும் என்னத்தைப் போடுறவள்?”

வேறென்ன, சட்டைதான். தோள்பட்டையை அவர் உட்பக்கம் திருப்பினார். முலாம் தேய்ந்து கறுத்த ஒரு சட்டைப்பின் குத்தியிருந்தது. துணியை அவர் விட்டதும் அது நேரே அந்தச் சிவப்பின் மேல் போய்ப் படுத்தது.

“உதென்னடி?” என்றேன்.

“அம்மாவின்ரை. அவவும் என்னோடை பள்ளிக்கூடம் வரட்டும் எண்டு.”

உன் கைக்காப்பில் எப்போதும் தொங்கிய சட்டைப்பின் கொத்தில் ஒன்று, அக்கா.

அந்த உலோகம் சில பிள்ளைகளின் தோலுக்கு ஒத்துக்கொள்ளாதாம். தோலில் முட்டாமல் பார்க்கச் சொல்லிப் பூச மருந்து தந்தார். டாக்குத்தருக்கு வேலை முடிந்தது. திரும்பும் வழியில் சைக்கிள் பாரில் இருந்தபடி வதனி சொன்னாள். “அம்மா தொட்டால் எனக்குப் பொங்குது. அப்ப கோவம்தானே, மாமா?”

வாயைத் திறந்தால் நெல்லியடி வரை கேட்கப் புளுகுகிற நான் சைக்கிளை நிறுத்தினேன். அப்போதுதான் உன் மணிக்கட்டு ஞாபகத்தில் வந்தது. அந்தக் கொத்து முட்டும் இடத்தில் எப்போதும் ஒரு சொரசொரப்பு. அடுப்புச் சூடு என்று சொல்லிச் சேலைத் தலைப்பால் தேய்ப்பாய்.

“கொம்மாவுக்கும் உது முட்டின இடத்திலை கடிச்சது, பிள்ளை. கோவமில்லை. உங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே தோல்.”

“புளுகோ, மாமா?”

“இல்லையடி.”

வீடு வரும்வரை அவள் சொறியவில்லை. தோளில் கையை வைத்துக்கொண்டே வந்தாள்.

உன் மணிக்கட்டில் கடித்தது அந்தப் பின்தானா, அக்கா? இல்லை, உண்மையிலேயே அடுப்புச் சூடுதானா? சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நீ.

பின் இப்போது அவளின் புத்தகப் பைக்கு வெளியே குத்தியிருக்கிறது. வாசல் வேப்பிலையை மச்சாள் இன்னும் கழற்றவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நீ அவளோடு தினமும் பள்ளிக்கூடம் போய் வரலாம். அந்தப் பின் துருப்பிடித்தாலும் தொலையவிட மாட்டேன், அவள் தோலில் முட்டவும் விட மாட்டேன். இது புளுகில்லை.

வதனியின் மாமன்,
உன் புளுகன் தம்பி.