படுத்தால் ஒளிந்துகொள்ளும் நோயைப் பார்த்துத் தருமாறு

அனுப்புநர்
பெயர் கூப்பிடும் பணியாளர் (வழக்கறிஞர்கள் வாயில் ‘மைக்கம்மா’),
உரிமையியல் நீதிமன்றம், முதல் மாடி.
புறநோயாளி அட்டை எண்: 4417

பெறுநர்
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: மலக்குடல் இறக்கம் – அறுவை சிகிச்சைப் பட்டியலில் என் பெயர் அடிக்கப்பட்டது – மீண்டும் சேர்க்கவும், பரிசோதனை அறையை ஒட்டிய கழிப்பறையைத் திறந்துவிடவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

1. நான் இருபத்தாறு ஆண்டுகளாக நீதிமன்ற வாசலில் நின்று கட்சிக்காரர்களின் பெயர்களைக் கூப்பிட்டு வருகிறேன். ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை கூப்பிட வேண்டும். முதல் முறை வராந்தாவுக்கு, இரண்டாம் முறை மாடிப்படிக்கு, மூன்றாம் முறை தெருவுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருப்பவருக்கு. நடுவில் ஒலிபெருக்கி ஒன்று வாங்கி மாட்டினார்கள். அது பழுதாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன, யாரும் தேடவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை (கொஞ்சம் பெருமையும் உண்டு). என் நோய்க்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதால் சொல்கிறேன்.

2. மலம் கழிக்க உட்கார்ந்தால் எனக்கு மலக்குடல் மூன்று விரல் நீளத்துக்கு வெளியே வந்துவிடுகிறது. கையால் தள்ளித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். இப்படி எழுதக் கூச்சமாக இல்லையா என்று தாங்கள் நினைக்கலாம். இருந்தது. அந்தக் கூச்சத்துக்கு ஒன்றரை வருடத்தைத் தாரை வார்த்துவிட்டேன். அவ்வளவு நாளும் மூலம் என்று நானே முடிவுகட்டி, மருந்துக் கடையில் விரலைக் காட்டிக் காட்டிக் களிம்பு வாங்கிப் பூசினேன். தெருவுக்கே கேட்கக் கூப்பிடுகிறவள் மருந்துக் கடையில் மட்டும் வாய் திறக்கவில்லை.

3. பிறகு மூன்றாவது கூப்பாட்டிலும் குடல் இறங்கத் தொடங்கியது. அடிவயிற்றிலிருந்து எழுப்பும் குரல் என்பதால் இருக்கலாம். நான் சத்தமில்லாமல் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். ஒரு நாள் சுவர்த் தகராறு வழக்கில் வாதி வரவில்லை என்று வழக்கே தள்ளுபடி ஆனது. மனிதர் டீக்கடையில் இருந்திருக்கிறார். மூச்சிரைக்க ஓடிவந்து என் முன்னால் நின்று, “தப்பு என் மேலதாம்மா, நீங்க கூப்பிட்டது காதுல விழல” என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலாம். நீதிபதியிடம் போய் இரண்டு முறைதான் கூப்பிட்டேன், தொண்டை சரியில்லை என்று பாதி உண்மை சொன்னேன். வழக்கு மீண்டும் கோப்பில் எடுக்கப்பட்டது. மறுநாள் காலையிலேயே தங்கள் மருத்துவமனைக்கு வந்துவிட்டேன்.

4. தங்கள் அறுவை நிபுணர் மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, முழங்காலை மடக்கச் சொல்லிப் பார்த்தார். ஒன்றுமே இல்லை. இரண்டு வருடமாக என்னை ஆட்டிப்படைக்கிற நோய், டாக்டரைக் கண்டதும் நல்ல பிள்ளையாக உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே, இந்த நோய் படுத்தால் ஒளிந்துகொள்ளும், அடுத்த முறை வெளியே வந்திருக்கும்போது கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வாருங்கள் என்றார்.

5. படம் எடுக்கும் பொறுப்பு என் கணவருக்கு வந்தது. அவர் தையற்காரர், கூச்ச சுபாவம். முகம் வேர்த்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு எடுத்தார். படத்தில் எங்கள் குளியலறை வாளியும் குவளையும் துல்லியமாக விழுந்திருந்தன. நிபுணர் நெடுநேரம் அதைப் பார்த்துவிட்டு, வாளிக்கு அறுவை தேவைப்படாது என்றார். குடலின் முழுச் சுவரும் இறங்குகிறதா, உள்தோல் மட்டுமா என்று தொட்டுப் பார்த்தால்தான் எந்த முறை என்று தீர்மானிக்க முடியும் என்றும், கழிப்பறையில் உட்கார்ந்து முக்கி அது வெளியே வந்தவுடன் தகவல் சொன்னால் தானே வந்து பார்ப்பதாகவும் சொல்லி, தற்காலிகமாக என் பெயரைப் பட்டியலில் சேர்த்தார்.

6. முறைகளையும் படம் வரைந்து விளக்கினார். வயிற்றில் சிறு துளைகள் போட்டு, குடலை மேலே இழுத்து முதுகெலும்பின் அடிப்பகுதியோடு வலை வைத்துத் தைப்பது ஒன்று. கீழ் வழியாகவே, தொங்குகிற பகுதியை வெட்டி இணைப்பது இன்னொன்று. சட்டைக் கை உள்பக்கம் வெளியே திரும்பிக்கொண்டது போலத்தானே என்று என் கணவர் கேட்டார். அதேதான் என்றார் நிபுணர். அதன்பின் இருவரும் நூல், முடிச்சு, எத்தனை தையல் என்று பேசிக்கொண்டிருந்தார்கள், நான் ஒருத்தி இருப்பதே மறந்துபோயிற்று.

7. இனிதான் புகார். பரிசோதனை அறையை ஒட்டியே ஒரு கழிப்பறை இருக்கிறது. பூட்டு தொங்குகிறது. உள்ளே தங்கள் அலுவலகத்தின் பழைய பதிவேடுகள் அடுக்கியிருப்பதாகவும், சாவி தங்கள் மேசை இழுப்பறையில் இருப்பதாகவும் தலைமைச் செவிலியர் சொன்னார். நோயாளிகளுக்கான கழிப்பறை இரண்டு மாடி கீழே, கட்டடத்தின் மறு கோடியில். அங்கே உட்கார்ந்து, வந்ததை வெளியே வைத்துக்கொண்டு இரண்டு மாடி ஏற முடியாது. நிபுணரும் வரிசையை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் இறங்கி வர முடியாது. நான் கீழே போயிருந்த நேரங்களில் மேலே என் பெயர் அழைக்கப்பட்டு, ‘ஆஜரில்லை’ என்று மூன்று வாரம் பதிவாகி, மூன்று முறை வராதவருக்கு இடமில்லை என்ற விதிப்படி பட்டியலிலிருந்தும் அடிக்கப்பட்டது.

8. தங்கள் ஊழியர் பெயரை ஒரே ஒரு முறைதான் கூப்பிடுகிறார், அதுவும் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டு. தொழில் தெரிந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அது கூப்பாடு இல்லை, பெருமூச்சு. அவருக்குப் பக்கத்து நாற்காலியில் காத்திருந்த என் கணவருக்கே கேட்கவில்லை.

9. அடுத்த மாதம் முதல் தேதி நீதிமன்றத்துக்கு ஆறு வார விடுமுறை தொடங்குகிறது. அறுவைக்குப் பின் ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது, முக்கக் கூடாது, கத்தவும் கூடாது என்று நிபுணர் சொல்லியிருக்கிறார். கணக்கு அப்படியே பொருந்துகிறது. ஆறு வாரம் வீடு அமைதியாக இருக்குமே என்று கணவரைச் சீண்டினேன். “அதெல்லாம் ஒண்ணும் வேணாம், நீ பயமில்லாம உக்காந்து எந்திரிக்கணும், அவ்வளவுதான்” என்றார்.

10. இந்த விடுமுறை போனால் அடுத்தது ஒரு வருடம் கழித்து. தள்ளிப்போகப் போக ஆசனவாய்த் தசை தளர்ந்து, அடக்கும் சக்தியே போய்விடலாம் என்று நிபுணர் எச்சரித்திருக்கிறார். அது நடந்தால் நாலு பேர் நடுவில் நிற்கிற வேலையில் நான் நிற்க முடியாது. எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா. இந்த மனுவில் மற்ற எதையும் தாங்கள் சிரித்துக்கொண்டு படிக்கலாம், இதை மட்டும் வேண்டாம்.

ஆகவே, பதிவேடுகளுக்கு வேறு இடம் பார்த்து அந்தக் கழிப்பறையைத் திறந்துவிடவும், என் பெயரைப் பட்டியலில் மீண்டும் சேர்க்கவும், வரும் திங்கட்கிழமை நிபுணர் என்னைப் பார்க்க ஏற்பாடு செய்யவும் பணிவுடன் வேண்டுகிறேன்.

அல்லது மாற்றாக, சாவி கிடைக்காதபட்சத்தில், அன்று காலை பரிசோதனை அறை வாசலில் நின்று ஒரு பெயரை மூன்று முறை கூப்பிட எனக்கு அனுமதி தரவும். மூன்றாவது முறைக்கு நிபுணர் கையுறையோடு தயாராக இருந்தால் போதும். யார் பெயரைக் கூப்பிடுவது என்று தாங்கள் யோசிக்க வேண்டாம். என் பெயரையே கூப்பிட்டுக்கொள்கிறேன். அங்கே அதை ஒழுங்காகக் கூப்பிட்டவர் இதுவரை யாரும் இல்லை.

நாள்: 14, வியாழன்
இடம்: நீதிமன்ற முதல் மாடி வராந்தா

இப்படிக்கு,
(ஒப்பம்)
ஆஜராக இருக்கும் மனுதாரர்