பொட்டு வைத்த கையுறைகள்

பாசமுள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்கள் இருந்தவரையில் உங்களுக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. தேவைப்படவில்லை. காரைக்குடியிலிருந்து அமராவதிபுதூர் எவ்வளவு தூரம்? நினைத்தால் வந்துவிடலாம். இப்போது வந்தால் என் தங்கை செல்வி இருக்கிறாள். கூடத்துச் சுவரில் உங்கள் படம் இருக்கிறது. ஆகவே எழுதுகிறேன்.

இதை வெளியிட என் மேலதிகாரியிடம் முறைப்படி அனுமதி பெற்றிருக்கிறேன். நிறுவனத்தின் பெயரோ அலுவலகத்தின் பெயரோ வரக் கூடாது என்பது நிபந்தனை. “அழுவுறதுக்கும் அனுமதி வாங்குவீகளா மச்சான்?” என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. ஆம், வாங்கினேன்.

நீங்கள் மின் விநியோக நிறுவனத்தில் ஒயர்மேன். நான் அத்தகைய அரசு நிறுவனங்களைத் தணிக்கை செய்பவன். நம் வீட்டில் இது ஓயாத கேலிக்குப் பொருளாக இருந்தது. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “ஏ செல்வி, ஆடிட்டு வருது. பீரோவுல இருக்க நல்ல தட்டை எடுத்து வெளிய வையி” என்று உள்ளே குரல் கொடுப்பீர்கள். செல்வி சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன். அந்தக் கேலிக்குள் என்ன இருந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

போன வருட ஐப்பசியில், மழை விட்ட ஒரு பிற்பகலில், பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறினீர்கள். டிரான்ஸ்பார்மரில் லைனை நிறுத்திவிட்டுத்தான் ஏறினீர்கள். அதே தெருவில் ஒரு பெரிய வீட்டில் கல்யாணம். மின்சாரம் போனதும் அவர்கள் ஜெனரேட்டரைப் போட்டார்கள். தவறாக இணைத்திருந்த அந்த ஜெனரேட்டரிலிருந்து மின்சாரம் பின்வழியாகக் கம்பிக்கு ஏறியது. நீங்கள் வெறுங்கையால் கம்பியைப் பிடித்திருந்தீர்கள்.

விசாரணை அறிக்கையின் கடைசி வாக்கியம் எனக்கு மனப்பாடம். பாதுகாப்புக் கையுறைகள் அலுவலகத்தில் நன்னிலையில் இருந்தும் அவற்றை அணியாமல் பணிபுரிந்தது பணியாளரின் கவனக்குறைவே. இவ்வளவுதான்.

மாப்பிள்ளை, அந்த வாக்கியத்தை நான் நம்பினேன். உங்கள் மேல் எனக்கு அப்படியொரு கோபம். சாப்பிட உட்காரும் முன் தட்டைத் துணியால் துடைத்துப் பார்க்கும் மனிதர், சைக்கிளை இரண்டு பூட்டுப் போட்டு நிறுத்தும் மனிதர், இருக்கும் உறையை எடுத்து மாட்டாமல் எப்படி ஏறுவார்? என் தங்கையை நினைத்தீர்களா? உங்கள் படத்தின் முன் நின்று இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், ஒவ்வொரு முறையும்.

இந்த ஆண்டு தணிக்கைக்கு எனக்கு வேறொரு பிரிவு அலுவலகம் ஒதுக்கப்பட்டது. உங்கள் அலுவலகத்துக்குள் நான் தணிக்கையாளனாக நுழைய முடியாது. உறவுமுறை இருப்பதால் விதி தடுக்கிறது. நான் போன இடமும் நம் பக்கம்தான். ஆயுத பூஜை முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. வாழைக்கன்று வாடி வாசலில் சாய்ந்திருந்தது. போர்மேன் பெரியவர், ஓய்வுபெறப் போகிறவர். தேநீர் சொல்லட்டுமா என்றார். நான் வெளியே போய்க் குடித்துவிட்டு வந்தேன். என் வழக்கம் உங்களுக்குத் தெரியும்.

கருவிகளின் இருப்பை நேரில் பார்க்க வேண்டும் என்றேன். அவர் மகிழ்ச்சியோடு சாவியை எடுத்தார். இரும்பு அலமாரி திறந்தது. நடுத்தட்டில், வெள்ளைத் துணி விரித்து, ரப்பர் கையுறைகளை ஜோடி ஜோடியாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு உறையின் மணிக்கட்டிலும் சந்தனம், அதன் மேல் குங்குமம்.

பூஜை முடிந்த அலுவலகத்தில் பொட்டு இருப்பதில் வியப்பில்லை. ஏணியிலும் கட்டிங் பிளேயரிலும்கூடப் பொட்டு இருந்தது. ஆனால் அவற்றில் அது பாதி அழிந்திருந்தது. கைபட்டு, மழைபட்டு, தேய்ந்து. உறைகளில் அப்படியே இருந்தது. குனிந்து பார்த்தேன். புதுக் குங்குமத்துக்கு அடியில் காய்ந்து கறுத்த சந்தனம். அதற்கும் அடியில் இன்னொன்று, வெடித்து, மண்ணாக. ஆண்டுக்கு ஒன்றாக ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தது. ஒரு தடவையாவது கை உள்ளே போயிருந்தால் உதிர்ந்திருக்க வேண்டியவை.

இவற்றை யார் அணிகிறார்கள் என்று கேட்டேன். போர்மேனுக்குக் கேள்வி புரியவில்லை.

“இது ஆடிட்டுக்கு உள்ளதுங்கய்யா” என்றார்.

அங்கே பாண்டி என்றொரு ஒயர்மேன் நின்றுகொண்டிருந்தார். உங்கள் வயது இருக்கும். ஒரு ஜோடியை எடுத்து மாட்டிக் காட்டச் சொன்னேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? முதலில் செருப்பைக் கழற்றினார். உறையை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு மாட்டப் பார்த்தார். விரல்கள் உள்ளே போகவில்லை. கிடந்து கிடந்து ரப்பர் ஒட்டிக்கொண்டிருந்தது. சற்று அழுத்தியதும் கட்டைவிரல் இடுக்கில் பிளந்தது. பாண்டியின் முகம் வெளுத்துவிட்டது. உயிர் காக்க வேண்டிய பொருள் கெட்டுக் கிடக்கிறதே என்றல்ல. ஆடிட்டர் முன்னால் கிழித்துவிட்டோமே என்று.

போர்மேன் அவரை அதட்ட வாயெடுத்தார். நான் தடுத்து, ஏன் இப்படி என்று கேட்டேன். அவர் மெதுவாகச் சொன்னார். முன்பிருந்த போர்மேன் காலத்தில் உறைகளை எல்லோரும் மாட்டிக்கொண்டுதான் ஏறியிருக்கிறார்கள். அடுத்த தணிக்கையில் இரண்டு ஜோடி தேய்ந்து கிழிந்திருந்தது. அதைக் குறையாகக் குறித்து, விளக்கம் கேட்டுத் தணிக்கைத் தடை எழுதினார்கள். அந்த மனிதர் ஓய்வுபெறும் நாள்வரைக்கும் அதற்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். அதன்பின் வந்தவர் அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினார். அதற்குப் பிறகு இந்த அலுவலகத்துக்குக் கையுறை விஷயத்தில் தடையே வந்ததில்லை.

“உறை கிழிஞ்சா எழுதிக் கேக்குறீக. கை கருகுனா எங்க கவனக்குறைவுன்னு முடிச்சிடுறீக” என்றார். குரலை உயர்த்தவில்லை. மழை வரும்போல் இருக்கிறது என்பதுபோலச் சொன்னார்.

எங்கள் குழு ஆண்டுதோறும் எழுதும் சொல் ‘நன்னிலையில் உள்ளது’. அதே சொல்தான் உங்கள் விசாரணை அறிக்கையிலும் வந்திருக்கிறது. பார்த்த கண்கள் எங்களுடையவை. எங்கள் ஆட்கள் பொட்டையும் பார்த்திருப்பார்கள். எத்தனை பேர் குனிந்து பார்த்து, பக்தியான அலுவலகம் என்று நினைத்துப் போயிருப்பார்கள்?

நேரே அமராவதிபுதூருக்கு வந்தேன். செல்வி கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உங்கள் அலுவலகத்தில் உறைகள் எங்கே இருந்தன என்று கேட்டேன். திரும்பாமலே பதில் சொன்னாள்.

“பீரோவுலண்ணே. வருசா வருசம் அவுகதான் பொட்டு வைப்பாக. கை நடுங்காம வைப்பாகன்னு அவுகளத்தான் வைக்கச் சொல்லுவாகளாம்.”

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். கையில் இருந்த ஈரத் துணியை உதறாமல் அப்படியே நின்றாள்.

“உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன். உங்களுக்காகத்தான பூட்டி வச்சிருக்காகன்னு சொன்னாக. நீங்க கோவமா அவுக படத்தைப் பாக்குறப்பல்லாம் எனக்கு வெளங்கவே இல்லைண்ணே.”

மாப்பிள்ளை, என் வீட்டுக்குள்ளேயே இது தெரிந்திருக்கிறது. நான் ஒருவன்தான் கேட்கவில்லை. நல்ல தட்டை வெளியே எடுத்து வை என்று நீங்கள் வாசலில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தீர்களே. கேலியாகச் சொன்னீர்களா? அல்லது நான் எப்போதாவது ஏன் என்று கேட்பேன் என்று காத்திருந்தீர்களா?

இதுவரை நடந்தவற்றைச் சொல்கிறேன். நம் உறவை எழுத்தில் தெரிவித்துவிட்டு, இந்தப் பழக்கத்தை எல்லாப் பிரிவு அலுவலகங்களிலும் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். என் மேலதிகாரி ஒப்புக்கொண்டார். உங்கள் அலுவலகத்துக்கு என் சக அலுவலர் போய்வந்தார். திரும்பி வந்து என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. ஆனால் என் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

அறிக்கையின் கடைசி வாக்கியத்தை மாற்றக் கோரி செல்வி மனு கொடுத்திருக்கிறாள். அவளே எழுதினாள். என்னிடம் காட்டிப் பிழை பார்க்கச் சொன்னாள். நான் ஓர் எழுத்தையும் தொடவில்லை. பதில் இன்னும் வரவில்லை. வருமா? உங்கள் பெயரோடு ஒட்டியிருக்கும் அந்தச் சொல் நீங்குமா? எனக்குத் தெரியாது. நான் நம்பிய விதிகளில் இதற்கு விடை தேடிக்கொண்டிருக்கிறேன்.

பிளந்துபோன அந்த உறைக்காக பாண்டியிடமோ போர்மேனிடமோ நான் விளக்கம் கேட்கவில்லை. பிளந்ததைத்தான் சான்றாக இணைத்தேன். புத்தம் புதிதாக அலமாரியில் கிடக்கும் உறையே குறைபாடு. வியர்வை ஊறித் தேய்ந்த உறைக்கு, கேள்வி கேட்காமல் மாற்று உறை தர வேண்டும். இப்படி எழுதியிருக்கிறேன். ஏற்பார்களா என்பது அவர்கள் முடிவு.

ஒன்று மட்டும் என் கையில் இருக்கிறது. என் பணிக்காலம் முடியும்வரை எந்த அலுவலகத்தில் நுழைந்தாலும் முதலில் உறைகளைத்தான் கேட்பேன். அவற்றை ஒயர்மேனின் கையில் பார்ப்பேன், அலமாரியில் அல்ல. இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இன்று காலை செல்வி உங்கள் படத்தைத் துடைத்துப் புதிதாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். உங்கள் நெற்றியில் அது அப்படியே இருக்கட்டும், மாப்பிள்ளை. உறைகளில் அழியட்டும்.

உங்கள் மச்சான்,
செல்வியின் அண்ணன்.