இரண்டு பெட்டியும் வலது பக்கம்

ஐயம்பேட்டை
ஞாயிறு மத்தியானம்

அன்பு மகள் அனுவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை, ஏன் என்று கீழே படி. நீ அங்கே தோஹாவில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். போன் இருக்க கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. போனில் அப்பா பேச்சை எடுத்தாலே "வேலை இருக்குதும்மா" என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது. எழுதி முடித்ததும் போட்டோ பிடித்து அனுப்புகிறேன், கடைசி வரி வரைக்கும் படி. ஏர்போர்ட் போகும்போது அப்பா ஓட்டின காரில் "நான் அங்கயே இருந்துடணுமாப்பா" என்று நீ அழாத குறையாகக் கேட்டதற்கு, ஒரு வார்த்தை பேசாமல் தலையை மட்டும் ஆட்டினார் என்று சொன்னாய். வீட்டில் இனி உனக்கு இடமில்லை என்று அர்த்தம் பண்ணிக்கொண்டாய். இதைப் பற்றி அவரிடம் கேட்கவே கூடாது என்று என்னிடம் சத்தியமும் வாங்கினாய், நானும் கேட்கவில்லை. ஆனால் மூன்று நாளாக எனக்கு உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. சர்ச்சிலிருந்து வந்து புடவைகூட மாற்றாமல் எழுதுகிறேன், குழம்பு அடுப்பில் இருக்கிறது, நடுவில் எழுந்து போவேன்.

உன் அப்பாவுக்கு ரிட்டயர் ஆனதிலிருந்து கால் ஓர் இடத்தில் நிற்பதில்லை. பஸ் ஓட்டிய மனுஷன் இப்போது வாசலுக்கும் தோட்டத்துக்கும் டிரிப் அடிக்கிறார். அதிலும் கொஞ்ச நாளாகப் பாட்டுப் பைத்தியம். வீட்டில் இருக்கிற செட்டில் உயிரே இல்லை, பாட்டு பாதிதான் வருகிறது என்று தினமும் புலம்பல். ஒயரை மாற்றினார், ஸ்பீக்கரை மாற்றினார், ஸ்பீக்கர் பெட்டிகளைச் சுவரை விட்டுத் தள்ளி வைத்தார், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் இப்போது வருவதெல்லாம் தகர டப்பா, பழைய காலத்து ஸ்டீரியோ பவர் ஆம்ப்ளிஃபயர் வாங்கினால்தான் சரிப்படும் என்று முடிவு கட்டிவிட்டார். டவுனில் பழைய சாமான் வாங்கி ரிப்பேர் பார்த்து விற்கிற அப்துல் சத்தார் பாயிடம் ஒன்று வந்திருக்கிறதாம், ஜப்பான்காரன் செய்ததாம். சாப்பிடும்போதும் அதே பேச்சு. தனியாக விட்டால் எதையாவது தலையில் கட்டிவிடுவார்கள் என்று வியாழக்கிழமை நானும் ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன்.

குறை சொல்லக்கூடாது, சாமான் அழகாகத்தான் இருந்தது. அரிசி மூட்டை மாதிரி கனம், முன்னால் இரண்டு சின்னக் கண்ணாடி, ஒவ்வொன்றுக்குள்ளும் சத்தத்துக்கு ஏற்ப ஆடுகிற ஒரு முள், இடது பெட்டிக்கு ஒன்று, வலது பெட்டிக்கு ஒன்று. பாய் தன் போனிலிருந்து ஒயர் கொடுத்துப் பாட்டுப் போட்டார், இரண்டு முள்ளும் சேர்ந்தே ஆடின. அப்பாவை நடுவில் ஸ்டூலில் உட்கார வைத்து இரண்டு பக்கமும் பெட்டி. உன் அப்பா முகம் சுருங்கிவிட்டது. "இன்னா பாய், லெஃப்ட் செத்துப்போச்சே, எல்லாம் ரைட்டுலயே வருது" என்றார். நான் இடது பெட்டியை ஒட்டித்தான் நிற்கிறேன், அது என் காதைப் பிளக்கிறது. பாய் ஒயரை இடம் வலமாக மாற்றினார், பழுது இருந்தால் அது இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகுமாம். போகவில்லை. பெட்டிகளையே மாற்றி வைத்தார், அப்போதும் அப்பாவுக்கு இடதுதான் செத்திருந்தது. "முள்ளு ரெண்டும் ஆடிக்கினுதானே இருக்குதுண்ணே" என்று பாய் சொல்ல, அப்பாவுக்குக் கோபம் வந்து, "முள்ளையா காதுல கேக்கறாங்க" என்று ஸ்டூலோடு அப்படியே திரும்பி, பின்னால் நின்ற பாயைப் பார்த்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் ஜெயித்துவிட்ட மாதிரி கையை நீட்டி, "பாரு, இப்ப அந்தப் பொட்டி பாடுது, இந்தப் பொட்டி செத்துடுச்சு, எங்கயோ லூஸு" என்றார். அனு, யாரும் எந்த ஒயரையும் தொடவில்லை. உன் அப்பா மட்டும்தான் திரும்பியிருந்தார்.

பாய் பாட்டை மெல்லக் குறைத்துவிட்டு டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டார். அப்பா வலது காதை உள்ளங்கையால் பொத்தினார், எடுத்தார், மறுபடியும் பொத்தினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, கடையில் தொங்குகிற பழைய ஃபேன் றெக்கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. பக்கத்து வீட்டு வேணுகோபால் தறியை வித்துட்டானா, விடியற்காலை சத்தமே காணோமே என்று ஒரு நாள் கேட்டார், தறி அடித்துக்கொண்டேதான் இருந்தது, வலது காதைத் தலையணையில் அழுத்திப் படுக்கிறவர் அவர், நான் விளையாடுகிறார் என்று நினைத்தேன். சர்ச்சில் யார் எங்கே இடம் கொடுத்தாலும் பெஞ்சின் இடது ஓரத்துக்கே போவார், ஃபேனுக்காக என்று நினைத்தேன். பழைய பஸ்ஸில் இன்ஜின் டிரைவருக்கு இடது பக்கம்தானே, கூடவே உட்கார்ந்து அந்தச் சூடும் உறுமலும் வாங்கியே செத்துப்போன இடது காது அது. இரு, குழம்பு பொங்குகிறது.

வந்துவிட்டேன். நீங்க எடுக்காட்டியும் பரவால்லண்ணே என்று பாய் சொல்லிப் பார்த்தார். செட்டு மேல் தப்பு இல்லை என்று சொல்லி அப்பா அதை வாங்கிக்கொண்டுதான் கிளம்பினார். திரும்பும்போது ஆட்டோவில் அதைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு வந்தவர், பாதி வழியில் என்னை வலது பக்கம் மாறி உட்காரச் சொன்னார். "அனுவ ஏர்போர்ட்ல வுடப் போனப்போ அது என் லெஃப்ட்லதானே உக்காந்துக்கினு வந்துச்சு" என்றார். ஆமாம் என்றேன். "வாய் அசஞ்சிக்கினே இருந்துச்சு. ரேடியோவோட சேந்து பாடுதுன்னு நெனச்சு நானும் தலைய ஆட்டிக்கினு வந்தேன். அது இன்னா சொல்லிச்சு எஸ்தரு?" என்று கேட்டார். சத்தியம் குறுக்கே நின்றது, அவளையே கேளுங்க என்று மட்டும் சொன்னேன். அன்றிலிருந்து போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சுற்றுகிறார், எடுக்கிறார், உன் பேரைப் பார்க்கிறார், பயந்து வைத்துவிடுகிறார். பஸ்ஸை எந்த நெரிசலிலும் நுழைத்த மனுஷன், உனக்கு ஒரு போன் போடப் பயப்படுகிறார். ஆம்ப்ளிஃபயர் கூடத்தில் இருக்கிறது, இரண்டு பெட்டியையும் நாற்காலிக்கு வலது பக்கமே வைத்துவிட்டார், பார்க்கச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது.

வெள்ளிக்கிழமை காது டாக்டரிடம் கூட்டிப் போகிறேன், வர மாட்டேன் என்கிறார், இழுத்துக்கொண்டு போவேன். நீ போன் போடு கண்ணு. அன்று கேட்டதையே மறுபடி கேள். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், அதை என் எழுத்தில் படிக்க வேண்டாம், அவர் வாயால் கேள். போனை வலது காதில்தான் வைக்கிறார், கத்த வேண்டாம், மெதுவாகவே பேசலாம்.

ராத்திரி தலைக்கு ஏசி நேராக வராமல் படு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அடுத்த தடவை உன்னை அழைத்துவர அப்பா கார் ஓட்ட மாட்டாராம். ஸ்டீயரிங்கை யாரிடமும் கொடுக்காதவர், வேணுகோபாலை ஓட்டச் சொல்லிவிட்டு, பின் சீட்டில் இடது ஓரமாக உட்கார்ந்துகொள்வாராம், அப்போதுதான் நீ வலது பக்கம் வருவாயாம்.

உன் அம்மா,
எஸ்தர் தேவசகாயம்