சுவருக்குள் இருந்த பைப்பு

நீ என்னிடம் பொய் சொன்னாய், அம்மா. இரண்டு மாதம், ஒரு நாள் விடாமல், போனில்.

இன்று காலை நம் வீட்டில் பிளம்பர் பைப்புக்குப் பசை தடவினார். அந்த நெடி மூக்கில் ஏறியதும் உன்னோடு சண்டை போட வேண்டும் போலிருந்தது. நீ இல்லை. அதனால் எழுதுகிறேன்.

விழுப்புரத்தில் அந்த பங்களாவில் இருபது வருஷம் பாத்ரூம் கழுவினாய். ஷவரில் படிந்த உப்பை எலுமிச்சைத் தோலால் தேய்த்துப் பளபளக்க வைப்பாய். வேலை முடிந்து வேர்த்து நின்றால் அந்த வீட்டுக்காரர்கள் உனக்குக் காட்டியது பின்பக்கத்துக் குழாயை. அவர்களுக்கு அது கொடுமையாகவே தெரியவில்லை. வழக்கம், அவ்வளவுதான். தேய்த்துத் தேய்த்து உன் வலது தோள் இறுகிப்போனது. சொம்பைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல், நீ குனிந்து தலையைச் சொம்புக்குக் கொண்டுபோனதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். உனக்கு ஷவர் வைப்பது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

நான் திண்டிவனத்தில் ஷவர் விற்கிறவள். எனக்குத் தெரியாததா என்ற திமிர். கடையில் பலகை முழுக்க ஷவர்களை மாட்டி வைத்திருப்போம். அவற்றுக்குப் பின்னால் பைப்பே கிடையாது. சுவரின் முன்பக்கத்தை மட்டும்தான் இத்தனை நாள் விற்றுக்கொண்டிருந்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

நம் வீட்டுத் தொட்டி மாடித் தரையிலேயே உட்கார்ந்திருக்கிறது. அந்த உயரத்துக்கு ஷவரில் தண்ணீர் சொட்டத்தான் செய்யும். அதனால் பம்பு வாங்கினேன். வாங்கிய பிறகுதான் மற்றவை ஒவ்வொன்றாகக் கிளம்பின. தொட்டியிலிருந்து வரும் பைப்பு ஒல்லி, பம்புக்குப் பத்தாது, தொட்டியில் புது ஓட்டை போடணும். கரண்டுக்கு எர்த் இல்லை, வாசலில் குழி தோண்டணும். கடைசியாக பிளம்பர் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

“உள்ள இருக்கறது இரும்புப் பைப்பும்மா. துருப் புடிச்சிக் கெடக்குது. பம்பு உதைச்சா தாங்காது. செவுத்த ஒடைச்சி மாத்தணும்.”

“எவ்ளோ ஆவும்ண்ணே?”

அவர் சொன்னது பம்பு விலையைவிட அதிகம். அதற்குள் என் ஸ்கூட்டியை விற்றாகிவிட்டது. “இப்போதிக்கு இதுலயே மாட்டுங்க. அப்பறம் பாத்துக்கலாம்” என்றேன். வீடு கட்டும்போது நம் தெருவுக்கு இந்தப் பைப்பு போதும் என்று நினைத்த காண்டிராக்டரைத் திட்டிக்கொண்டே, நானும் உனக்கு அதுவே போதும் என்றேன்.

“ஏன்டி, வண்டி எங்க?” என்று அடுப்படியிலிருந்து கேட்டாய்.

“சர்வீஸுக்கு உட்டிருக்கேன்.”

நீ நம்பிவிட்டாய் என்று நினைத்தேன்.

பசை காய ஒரு நாள் ஆகும், நாளைக்குத் திறங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார் பிளம்பர். நான் அன்று சாயங்காலமே திண்டிவனத்துக்கு பஸ் ஏறினேன். மறுநாள் போனில் கேட்டேன், குளித்தாயா என்று.

“குளிச்சேன்டி. மழையில நின்னாப்புல இருந்துச்சி.”

கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்த வரியைச் சொல்லி விற்றேன். இடையில் இரண்டு தடவை மதியம் வந்து சாயங்காலம் திரும்பினேன். இரண்டு தடவையும் ஈரத் தலையோடு நின்றாய்.

அப்புறம் காய்ச்சல் என்று படுத்தாய். நான்கே நாள்.

காரியமெல்லாம் முடிந்து குளிக்கப் போனேன். பம்பு சுவிட்சின் மேல் ஒட்டியிருந்த பாலிதீன் உரியாமல் இருந்தது. கை வைத்ததும் பக்கத்து வீட்டு செல்வி அக்கா ஓடி வந்தாள்.

“அத்த போடாதடி. எங்கூட்டு செவுரு ஊறிப்பூடும்.”

பாலிதீனோடு சுவிட்சை அமுக்கி நீ திறந்த முதல் நாளே, உள்ளே இரும்புப் பைப்பு விட்டுப்போய்ச் சுவர் நனைந்ததாம். சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் மல்லாட்டைக் கடலை மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். ஒற்றைக் கையால் நீயும் சேர்ந்து இழுத்துப் போட்டாயாம்.

“எம் பொண்ணுகிட்ட சொல்லாத செல்வி, வண்டிய வித்துட்டா, இன்னும் எத்த விப்பாளோன்னுச்சி உங்கம்மா.”

“அப்ப எப்பிடிக்கா தலைக்கு ஊத்திக்கிச்சி?”

“நான்தான் மொண்டு ஊத்தனேன். சிரிச்சிக்கினே குளிக்கும். ‘ஏய் ஷவரு, இன்னும் கொஞ்சம் வேகமா வா’ன்னு என்னையே கிண்டல் பண்ணும்.”

இன்று சுவரை உடைக்கவில்லை. உள்ளே இருக்கும் இரும்பை அப்படியே விட்டுவிட்டு, வெளிச்சுவரோடு புதுப் பைப்பு இழுத்தாயிற்று. தெருவில் போகிற எல்லோருக்கும் தெரிகிறது. தெரியட்டும். இப்போதெல்லாம் கடையில் யார் பம்பு கேட்டாலும், சுவருக்குள் என்ன பைப்பு என்று முதலில் கேட்கிறேன். பாதிப் பேர் வாங்காமல் போகிறார்கள். முதலாளி முறைக்கிறார்.

பசை காய்ந்தபின் நாளைக்குத் திறப்பேன். செல்வி அக்கா அந்தப் பக்கம் சுவரில் கை வைத்துக்கொண்டு நிற்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

அதற்கு முன்னால் ஒன்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். மழையில் நின்ற மாதிரி என்றாயே, அந்தச் சுவர் நனைவதற்குள் ஒரு நிமிஷமாவது அதன் கீழே நின்றாயா? இல்லை, அதையும் எனக்காகத்தான் சொன்னாயா?

சொல்லும்மா.