மகளின் விரல்கள் பொலிவியாவில்

ஒக்டோபர் 14, செவ்வாய்

படிக்கப் போன மகள் பொலிவியாவில் நடுவழியில் நிற்கிறாள். போராட்டக்காரர் வீதியை மறித்து நாலு நாள். விமானத்தையும் தவறவிட்டாள். இன்று இங்கே பலெர்மோ பொலிஸ் கந்தோரில் பெர்மெஸ்ஸோவுக்கு, அதுதான் வதிவிட அனுமதிக்கு, அவள் விரல் அடையாளம் வைத்திருக்க வேண்டும். பெர்மெஸ்ஸோ இல்லாவிட்டால் பலெர்மோவுக்குத் திரும்பி வர முடியாது.

உண்மையைச் சொல்லி வேறு நாள் கேட்கத்தான் போனேன். “மகளுக்குப் பதிலாய்த் தகப்பன்ரை விரல் காணாதோ?” என்று கேட்காததுதான் குறை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த உத்தியோகத்தர் சிஞ்ஞோரா நிமிர்ந்து பார்த்ததும் வாய் தானாகப் பொய் சொன்னது: மகளுக்குக் கடும் வருத்தம், கட்டிலை விட்டு எழும்ப முடியாது.

அவவுக்கு இரக்கம் வந்துவிட்டது. அதுதான் என் கெட்ட காலம். எழும்ப முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து விரல் எடுப்பார்களாம். வியாழக்கிழமை காலை வருகிறார்கள். பொய்யென்று தெரிந்தால் என்னுடைய பெர்மெஸ்ஸோவுக்கும் என்ன நடக்குமோ.

மகளுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். “அப்பா, நான் இஞ்சை மறிச்சு நிக்கிற ஆக்களோடை சூப் குடிச்சுக்கொண்டு இருக்கிறன். உங்களுக்கு ஏன் இந்த வேலை?” என்று சிரித்தாள். பிறகு அழுதாள்.

மனைவி அழவில்லை. மகளின் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டுவிட்டுக் கேட்டாள்: “இஞ்சருங்கோ, இதிலை ஆரைப் படுக்க வைக்கப் போறியள்?”