மாங்கன்றுகளுக்கு உப்பு

பிப்ரவரி 8, 1932. திங்கள்.

எழுந்ததும் முதல் வேலை, பார்க் ஓரத் தெருவில் வைத்த மாங்கன்றுகளைப் போய்ப் பார்த்தது. பன்னிரண்டில் ஒன்பது கருகிவிட்டன. வெயில் மட்டும் இப்படிச் செய்யாது. இலை விளிம்பெல்லாம் தீயில் காட்டியது போல. குனிந்து மண்ணைக் கிளறினேன். கல் உப்பு, மீன் செதிலோடு.

கார்த்திகையில் முனிசிபல் கமிட்டியில் மல்லுக்கட்டி நட வைத்தவை. கடற்கரையிலிருந்து கோட்டாறு சந்தைக்கு ஓலைக் கடவத்தில் மீன் சுமந்து நடக்கிற மீன்காரிகளுக்கு வழியில் ஒரு நிழல் இல்லை என்றுதான். வக்கீல் மெம்பர் அன்றே சொன்னார்: "நெழலு வந்தா கடவத்த எறக்குவாளுவ. பார்க்குல காத்து வாங்க வாறவன் மூக்கப் பொத்தணும்."

ஐந்தாம் பாரம் கட்டுரை நோட்டுகள் பாக்கி. தலைவலி.

பிப்ரவரி 10, புதன்.

சாம்பல் புதன். சந்தை முடிந்து திரும்பிய மீன்காரிகளை நிறுத்திக் கேட்டேன். நெற்றியில் சாம்பல், பாதி வியர்வையில் கரைந்து. மூத்தவள் அந்தோணியம்மாள் மறைக்கவில்லை.

"நாங்கதான் போட்டோம் டீச்சரம்மா. கடவத்துல மிஞ்சுன உப்பு, ஆளுக்கொரு கை. எங்க ஊருல உப்பு வச்சாத்தான் தென்ன கொல தள்ளும். 'ஒங்க மரம், பாத்துக்கிடுங்க'ன்னு நீங்கதான சொன்னிய?"

பின்னாலிருந்து ஒருத்தி இன்னொருத்தியிடம்: "ஏட்டி, நீ ரெண்டு கையில்லா அள்ளிப் போட்ட! ஒன் கொழம்புல போட்டிருந்தா ஒம் மாப்பிள வாய்க்காவது வெளங்கியிருக்கும்."

சிரிப்பு. அந்தோணியம்மாள் சிரிக்கவில்லை. பட்ட கன்றைத் தடவினாள். "பூவரசு வச்சிருந்தா நின்னிருக்கும். எங்க கரையில உப்புக் காத்துலதான நிக்கி."

ஆமாம், நான்தான் சொன்னேன். பி.ஏ. படித்தவள். பார்த்துக்கொள்வது என்றால் அவர்களுக்கு என்ன என்று கேட்கத் தோன்றவில்லை.

பிப்ரவரி 12, வெள்ளி.

கமிட்டி. ஒரே பெண் நான். நாற்காலி வழக்கம்போல் ஓரத்தில்.

வக்கீல்: "வேணும்னே கொன்னிருக்காளுவ. இனி அந்தப் பக்கம் மரமே வேண்டாம். முள்ளுக்கம்பி போடுவோம்."

தென்னை வழக்கத்தை எடுத்துச் சொன்னேன். நன்றிக்காகப் போட்ட உப்பு என்றேன். மேஜையைச் சுற்றிச் சிரிப்பு. "அம்மாவுக்கு எரக்கம் கூடிப்போச்சு." சரி, கன்றைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவளுகளிடம் யார் ஒப்படைத்தது என்று வக்கீல் கேட்டார்.

நான் வாய் திறக்கவில்லை. மூன்று பேர் என்னையே பார்த்தார்கள். அப்போதும் திறக்கவில்லை.

தீர்மானம் நிறைவேறியது. மீதி மூன்று கன்றும் பிடுங்கப்படும். மீன்காரிகள் பேரில் பழி, என் பேரில் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து மோரைக்கூடக் குடிக்க முடியவில்லை. கோபம் வக்கீல்மேல் எவ்வளவு, என்மேல் எவ்வளவு, பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பிப்ரவரி 13, சனி.

கம்பி வந்து இறங்கிவிட்டது. என்ன சுறுசுறுப்பு! கன்று வாங்க நான்கு மாதம் இழுத்தடித்த அதே ஆட்கள்.

மத்தியானம் மாடி ஜன்னலில் நின்றேன். மீன்காரிகள் கம்பிச் சுருளைச் சுற்றிக்கொண்டு, நிற்காமல் போனார்கள். அந்தோணியம்மாள் மட்டும் பிடுங்கிய குழியை எட்டிப் பார்த்தாள். பிறகு அவளும் போனாள்.

பார்க்குக்கு எதிர்ப்புறம் முழுக்க எங்கள் மதில். மனை அப்பா எனக்கு எழுதிவைத்தது. மதிலை எட்டடி உள்ளே தள்ளிக் கட்டினால் வெளியே விடுகிற இடத்தில் கமிட்டிக்குப் பேச்சில்லை. பூவரசங்கிளை வெட்டி நட்டாலே பிடிக்கும். ஆறு வைக்கலாம், ஏழுகூட.

திங்களன்று கொத்தனாரை வரச் சொல்லி மதிலை இடிக்கப் போகிறேன். என் வீட்டுக்காரர் கீழே சாய்வு நாற்காலியில் பத்திரிகை படித்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.